ஈரம் கக்கும் சுவர்

போன் அலறியது.

ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர்களைப் பழுது பார்க்கும் அந்த மெக்கானிக், ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு எடுத்தார். தங்கையின் எதிர் ஃப்ளாட் டீச்சர்.

"தம்பி... உங்க தங்கச்சி வீட்டுல நீங்க மாட்டின மெஷின் மூணு நாளா நிக்காம ஓடுது. ஒரே இரைச்சல்!"

"அவகிட்ட ஆஃப் பண்ணச் சொல்லுங்க டீச்சர்."

"அவளைத்தான் மூணு நாளா காணோமே!"

மெக்கானிக் உடனே லைனைத் துண்டித்தார்.

தங்கைக்குப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப்!

பத்தே நிமிடத்தில் அவள் வீட்டு வாசலில் நின்றார். எங்கோ கிளம்பிக் கொண்டிருந்த மாப்பிள்ளை வெளிறிப் போனார்.

"வா... வாங்க மச்சான்."

"தங்கச்சி எங்க மாப்பிள்ளை?"

"ஆபீஸ் ட்ரெயினிங்... வெளியூர் போயிருக்கா."

"ஹேண்ட்பேக் சோபாவுல கிடக்கு. மூக்குக்கண்ணாடி டி.வி. மேல இருக்கு. கண்ணாடி இல்லாம அவளுக்கு பஸ் நம்பரே தெரியாதே!"

மாப்பிள்ளையின் பார்வை படுக்கையறைப் பக்கம் ஓடியது.

மெக்கானிக் படுக்கையறைக்குள் பாய்ந்தார். மூலையில் மெஷின் உறுமிக் கொண்டிருந்தது. அதன் தண்ணீர் ட்யூப் ஒரு வாளிக்குள் கிடந்தது. முகப்பில் எண் மின்னியது.

ஈரப்பதம்... எண்பத்தைந்து!

ஜன்னல் மூடியிருக்கிறது. வெளியே சுட்டெரிக்கும் வெயில். மூன்று நாள் ஓடியும் ஈரம் குறையவில்லை என்றால்... இந்த அறைக்குள்ளேயே எதுவோ ஈரத்தைக் கக்குகிறது! இருபது வருஷத் தொழில் அவர் காதில் ஓதியது.

பீரோவை இழுத்தார்.

பின்னால், சுவரில்... ஆள் உயரத்துக்குப் புத்தம் புது சிமெண்ட் பூச்சு!

"என்ன இது?"

"சுவர் உப்பிப் போச்சு மச்சான்... நானே பூசினேன்."

"பேனாவைத் தவிர எதையும் புடிக்காத ஆளு... சிமெண்ட் பூசினீங்களா? என் தங்கச்சியை என்னடா பண்ணினே?"

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்று மட்டுமே பேசியவர். 'டா' வந்துவிட்டது. கையும் வந்துவிட்டது.

பளார்!

மெக்கானிக் போலீஸுக்குப் போன் போட, அரை மணியில் இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே கடப்பாரையோடு ஒரு கான்ஸ்டபிள். வாசலில் மொத்த ஃப்ளாட்டும் கூடிவிட்டது.

"சார், உள்பக்கம் வெற்றிடம் உள்ள இரட்டைச் சுவர் இது. ஒரு ஆளை நிக்க வெச்சே பூசிடலாம்!" என்றார் மெக்கானிக்.

மாப்பிள்ளை சுவரை மறித்துக்கொண்டு நின்றார்.

"உடைக்காதீங்க சார்! கெஞ்சிக் கேக்கறேன்... மச்சான் முன்னாடி மட்டும் வேண்டாம்!"

"இதுக்கு மேல வாக்குமூலம் எதுக்குய்யா? உடை!"

மூன்றாவது இடியில் சுவர் பிளந்தது.

சிவப்பாக... ஏதோ வழிந்தது!

டீச்சர் 'வீல்' என்று கத்தினார். இன்ஸ்பெக்டர் குனிந்து விரலால் தொட்டார்.

"ரத்தமில்ல. செங்கல் கரைஞ்ச தண்ணி. உள்ள ஆளும் இல்ல."

"எல்லாரும் எங்க வீட்டுல என்ன பண்றீங்க?"

வாசலில்... தங்கை!

இளைத்து, மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டையோடு நின்றாள். கண்களைச் சுருக்கிக் கணவனைப் பார்த்தாள்.

"டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மணி நேரமா உங்களுக்காகக் காத்திருந்தேன். அது சரி... உங்க கன்னம் ஏன் வீங்கியிருக்கு?"

மெக்கானிக்குக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது.

"ஆஸ்பத்திரியா? என்னம்மா ஆச்சு?"

"மூச்சுத் திணறல் அண்ணா. சுவத்துப் பூஞ்சை நுரையீரலுக்குப் போயிடுச்சாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா பொழைச்சிருக்க மாட்டேன்னு டாக்டர் சொன்னாரு."

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "இவ்ளோ தண்ணி சுவத்துக்குள்ள எப்படிம்மா வந்துச்சு? எவன் வேலை?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலை குனிந்தார்கள்.

மெக்கானிக் கொதித்தார். "சொல்லுங்க மாப்பிள்ளை! எந்தப் பய அவன்? கையை முறிச்சிடறேன்!"

கத்திக்கொண்டே உடைந்த சுவரைப் பார்த்தவர்...

உறைந்தார்.

பழைய ஏ.சி. குழாய்க்குப் போட்ட ஓட்டை. அதில் வெட்டிவிடப்பட்ட ட்யூப் துண்டு. அதைச் சுற்றி நீல டேப். இரண்டு மாதம் முன்பு அவரே, அவர் கையாலேயே சுற்றியது!

"ஓட்டை வெளிய போகுதுன்னு நினைச்சு ட்யூபைச் சொருகினேன் சார்..." டேப்பைத் தொட்டுக் காட்டினார். "மறுபக்கம் அடைச்சிருக்கான்னு எட்டிக்கூடப் பாக்கல. மெஷின் உறிஞ்சின தண்ணியெல்லாம் சுவத்துக்குள்ளயே போயிருக்கு. சுவர் கக்கினதை மறுபடி மெஷின் உறிஞ்சியிருக்கு..."

"நான்தான் அண்ணன்கிட்ட சொல்லாதீங்கன்னு இவர்கிட்ட சத்தியம் வாங்கினேன். அதான் ட்யூபை வெட்டிட்டு மேல பூசிட்டார்" என்றாள் தங்கை. "தெரிஞ்சா நீ கூனிக் குறுகிப் போயிடுவே அண்ணா."

மெக்கானிக் அறைந்த கையைப் பார்த்தார். அந்தக் கையாலேயே மாப்பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். தங்கையின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்க்க அதைவிட வெட்கமாக இருந்தது.

"விடுங்க மச்சான், எல்லாரும் பாக்கறாங்க" என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

மெக்கானிக் இன்ஸ்பெக்டர் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"என்னை உள்ள தள்ளுங்க சார்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"எதுக்குய்யா? லாக்கப்ல ரெண்டு பயலுங்க என்ன பண்ணாலும் உண்மையைக் கக்க மாட்டேங்கறானுங்க... நாளைக்கு வந்து அங்க ஒரு மெஷினை மாட்டிட்டுப் போ!"