மயிலையின் வெறுங்கால்

செம்மண்பாடியில் சேவல் கிடையாது. விடிந்துவிட்டதென்று சொல்வது, சார்ஜ் ஏறியதும் மாடுகளின் காலில் பூட்டிய தாங்குகால்கள் அடிக்கும் விசில்தான். மெக்கானிக் செங்கோடன் ஒவ்வொன்றாய்ப் பட்டையை இறுக்கி, உலோக மூட்டுக்கு எண்ணெய் விட்டு, கடைசியில் குனிந்து தன் தாங்குகாலையும் பார்த்துக்கொள்வான். செவ்வாய்க் கிரகத்தில் எடை குறைவு, எலும்பு உரம் பெறாது. முதலில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு நடக்கும்போதே கால் முறிந்ததாம். அன்றுமுதல் மனிதனோ மாடோ, பிறந்தவுடன் தாங்குகால் பூட்டியாக வேண்டும். அது இல்லாமல் விழுந்த மாட்டை நிர்வாகம் உரக்கூடத்துக்கு அனுப்பிவிடும்.

நிறைசினையாக இருந்த மயிலை என்ற பசுவுக்குக் குளம்பிடுக்கில் புண் வந்தது. ஊசி மருந்தெல்லாம் கிருமிக்குப் பழகிப்போயிருந்தது. மாட்டு டாக்டரான அவன் மனைவி நாச்சாள், குப்பைமேனி, வேப்பிலை, மருதாணியோடு பூண்டும் மஞ்சளும் அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சிக் கொடுத்தாள். செங்கோடன் பக்குவமாகத் தடவினான், கையோடு தாங்குகாலையும் பூட்டினான். வெறுங்காலையே பார்த்தறியாத ஊரில் வேறென்ன செய்வார்கள்? காற்றுப் படாமல் புண் இன்னும் அழுகியது.

நாச்சாள் முகர்ந்து பார்த்தாள். "மருந்துல குத்தமில்லீங்க. மேல பூட்டுனதுதான் குத்தம். நாலையும் கழட்டிப்போடுங்க."

"கழட்டுனா விழுந்துரும். வயித்துல கன்னு வேற இருக்குது, நாச்சா."

"பூட்டியே வெச்சா காலே போயிரும்."

செங்கோடன் ஒவ்வொன்றாய்க் கழற்றினான். உள்ளே கால்கள் சூம்பிக் கிடந்தன. மயிலையை வைக்கோலில் படுக்க வைத்தார்கள். படுத்த மாடு வேறு, விழுந்த மாடு வேறு என்று நாச்சாள் நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று, கன்று ஈனும்வரை தவணை வாங்கினாள். எமகாதகி! தானும் மாசமாக இருந்துகொண்டு தினமும் புண்ணைக் கழுவி எண்ணெய் விட்டாள். எலும்புக்கென்று பிரண்டையை அரைத்து உருட்டி ஊட்டினாள். புண் ஆறியது. ஆனால் மயிலை எழவில்லை.

கன்று பிறந்து வைக்கோலில் வழுக்கி விழுந்த அன்று, அதற்கென்று செய்துவைத்த குட்டித் தாங்குகாலை எடுக்கச் செங்கோடன் ஓடினான். திரும்பி வருவதற்குள் கன்று எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து நின்றிருந்தது. அது தள்ளாடி விலகிப்போவதைப் பார்த்த மயிலை பெருமூச்சு விட்டது. பின்னங்கால்களை ஊன்றியது. முன்னங்கால்களை உதறி நீட்டியது. நான்கு வெறுங்காலில் நின்று கன்றை நக்கியது. இத்தனை அழகான ஒன்றைச் செங்கோடன் தன் ஆயுளில் கண்டதில்லை. கண் நிறைந்துபோயிற்று.

வீட்டுச் சுவரில் உள்ளங்கையளவு இன்னொரு ஜோடி தாங்குகால் தொங்கியது. வரப்போகும் தன் பிள்ளைக்காக அவனே பார்த்துப் பார்த்துச் செய்தது. அதை எடுத்துப்போய்ப் பட்டறையின் உருக்கு உலையில் போட்டான்.

"விழுமேங்க," என்றாள் நாச்சாள், வயிற்றில் கை வைத்தபடி.

"விழட்டும். தூக்கி உட நாம இருக்கறமே."

பிறகு குனிந்து தன் பட்டைகளையும் அவிழ்த்தான். முதல் அடியிலேயே தடுமாறினான். நாச்சாள் தோள் கொடுத்தாள்.