ஃப்ரிட்ஜ் கதவில் நாலு ஸ்டிக்கர்

அடுப்பில் சிவப்பு மிளகாய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதைவிட அதிகமாகக் கொதித்துக்கொண்டிருந்தாள் மாமியார் எலோய்சா.

"டோர்ட்டியா யாருக்குச் சுடறே? நம்ம வீட்டுக்கா... இல்ல, அந்த ரொமால்டா வீட்டுக்கா?"

மருமகள் டெல்ஃபினா கல்லில் உப்பிய டோர்ட்டியா ரொட்டியை விரல் நுனியால் திருப்பிப் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கப் பனி. வீட்டுக்குள்ளே அனல்!

"கேக்கறேன் இல்ல? ஊமையா நீ?"

"குழம்பு ஆறிடும் அத்தை. சாப்பிட்டுட்டு வையுங்க."

"சாப்பாடு ஒண்ணுதான் குறைச்சல்! என் பிள்ளையோட தலையெழுத்தை இன்னிக்குச் சீட்டுக்கட்டுல வெட்டப் போறாங்க. எனக்குத் தொண்டையில சோறு இறங்குமா?"

அவள் சொன்னது உண்மைதான். அமெரிக்க மாநிலமான நியூ மெக்சிகோவில் அந்தத் தேர்தலுக்கு ஆளுநர் பதவி முதல், மாவட்டம் போன்ற கவுண்டியின் கமிஷனர் பதவி வரை ஒரே வாக்குச்சீட்டு. அடி வரிசையில் கிடந்த கமிஷனர் பதவிக்கு எலோய்சாவின் இளைய மகன் அமாதோ நின்றான். எதிரே ரொமால்டா. எண்ணினால் இருவருக்கும் ஒரே எண்ணிக்கை. மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் அதே! சமமாக வந்தால் குலுக்கல்தான் என்கிறது மாநிலச் சட்டம். சான் அனாஸ்தாசியோ கவுண்டியில் குலுக்கல் என்றால் சீட்டுக்கட்டு. ஆளுக்கொரு சீட்டு, பெரிய சீட்டுக்காரருக்குப் பதவி. இன்று காலை நீதிமன்றத்தில் அதற்குத்தான் நாள் குறித்திருந்தார்கள்.

"ஒரே ஒரு ஓட்டு, அக்கா..." அமாதோவின் மனைவி யோலாண்டா காபிக் கோப்பையை ஊதிக்கொண்டே ஆரம்பித்தாள். "ஒரே ஒரு ஓட்டு கூட விழுந்திருந்தா இந்த அசிங்கமே இல்ல. எங்கேயோ ஒரு கை மாத்திக் குத்தியிருக்கு. எந்தக் கைன்னு நான் சொல்லல... சட்டி தூக்கிட்டுப் போன கையா இருக்கலாம்."

டெல்ஃபினா அடுத்த டோர்ட்டியாவைக் கல்லில் போட்டாள்.

தேர்தலுக்கு முந்தின வாரம் ரொமால்டாவின் அண்ணன் இறந்துபோனான். டெல்ஃபினாவின் மகள் இப்போது வெளியூரில்; அவளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் ரொமால்டா. அந்த உறவுக்கு 'கொமாத்ரே' என்று பெயர். ரத்த உறவு விட்டுப்போனாலும் போகலாம், கொமாத்ரே உறவு விட்டுப்போகாது. இழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, கொமாத்ரேதான் குழம்புச் சட்டியோடு போகவேண்டும். டெல்ஃபினா போனாள். அவள் போனதைப் பார்த்த கண்கள் சும்மா இருக்குமா? மறுநாளே தபால் நிலையத்தில் பேச்சு: அமாதோவின் அண்ணியே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாளாம்!

அந்த அமாதோ யார்? டெல்ஃபினா கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது மூக்கொழுகிக்கொண்டு நின்ற பொடியன். மாமனார் இறந்திருந்தார், மாமியார் ஆஸ்பத்திரிச் சலவைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவனுக்குத் தலை சீவி, பள்ளிக்கூட பஸ் ஏற்றி, அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்து... எல்லாம் அண்ணிதான்.

இந்த வசந்தத்தில் அதைவிடப் பெரியதைச் செய்தாள். கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பல வருஷம் உதவியாளராக உழைத்தவள். ஓட்டு வாங்கி ஜெயிக்கவேண்டிய அந்தக் கிளார்க் பதவிக்கே நிற்கிறேன் என்று மனு கொடுத்திருந்தாள். ஊரே சந்தோஷப்பட்டது. அப்புறம் அமாதோவுக்கும் ஆசை வந்தது. ஒரே வீட்டுப் பெயர் ஒரே சீட்டில் இரண்டு தடவை வந்தால், 'பேராசை பிடிச்ச குடும்பம்' என்று ஊர் இரண்டையும் தள்ளிவிடும். அது அங்கே எழுதாத சட்டம். "நீதான் பெரியவ, விட்டுக் கொடு" என்றாள் எலோய்சா. டெல்ஃபினா மனுவைத் திரும்ப வாங்கினாள். யாருக்கும் தெரியாமல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து அமாதோவின் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சினாள்.

அவளுக்கா இந்தப் பட்டம்!

அமாதோ உள்ளேயிருந்து வந்தான். கழுத்தில் டை, முகத்தில் ரத்தமில்லை. டெல்ஃபினா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் பார்வையைக் காபிக் குவளைக்குள் போட்டுக்கொண்டான். இரண்டு வாரமாக இப்படித்தான்.

ஏனென்று டெல்ஃபினாவுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஓட்டுப் போட்டால் சாவடியில் தரும் 'நான் வாக்களித்தேன்' ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். ராத்திரி அதை உரித்து ஃப்ரிட்ஜ் கதவில், குவாதலூப்பே மாதா படத்துக்குக் கீழே ஒட்டவேண்டும். வீட்டில் ஐந்து பேர். கதவில் நாலு ஸ்டிக்கர். அன்றைக்கு அமாதோவின் சட்டையைத் துவைக்கப் போட்டவள் டெல்ஃபினாதான். அதில் ஸ்டிக்கரும் இல்லை, ஒட்டிய பிசுக்கும் இல்லை. விடியலிலிருந்து பனியில் லாரியை ஓட்டி, மலைப் பள்ளத்தாக்குக் கிழவர்களை எல்லாம் சாவடிக்கு ஏற்றி இறக்கியவன், தன் ஓட்டைப் போடவே இல்லை!

ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி விலகும். சொல்லவில்லை அவள். அவனாகவே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நான் வளர்த்த பிள்ளை, சொல்லிவிடுவான் என்று நம்பினாள். அந்த நம்பிக்கைதான் அவளை தினம் தினம் அறுத்தது.

"இதோ பாரு," எலோய்சா கைத்தடியைத் தரையில் தட்டினாள். "நீ கோர்ட்டுப் பக்கம் வரக்கூடாது. உன் நிழல் என் பிள்ளை மேல விழக்கூடாது. சோறு போட்ட வீட்டுக்கே துரோகம் பண்ணினவ நீ!"

"அம்மா..." என்றான் அமாதோ.

டெல்ஃபினா அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தாள். வரவே இல்லை. அடுப்பை அணைத்தாள். முன்துணியை அவிழ்த்து மடித்து நாற்காலியில் வைத்தாள்.

"சரி அத்தை. நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். குழம்புல உப்பு சரியா இருக்கு. டோர்ட்டியா துணிக்குள்ள இருக்கு. அவர் ரத்த அழுத்த மாத்திரை ஜன்னல்ல இருக்கு, மறக்காம குடுங்க..." அதுவரை நின்ற குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு கேக்கறீங்களே... இத்தனை வருஷம் நான் இந்த வீட்டுக்குப் போட்டதெல்லாம் என்னன்னு யாராவது கேட்டீங்களா?"

மூலையில் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் இசித்ரோவின் கை நின்றது. பேசாத மனுஷன். அவன் மௌனத்தை ஊரே கிண்டல் பண்ணும்.

கதவு தட்டப்பட்டது. கறுப்பு உடையில் ரொமால்டா! கையில் டெல்ஃபினாவின் சட்டி, நிறைய பிஸ்கோச்சிட்டோ பிஸ்கட்டுகள். இரவல் சட்டியை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாதே.

"வந்துட்டாளா, வாங்கின ஓட்டுக்கு நன்றி சொல்ல!" என்றாள் யோலாண்டா.

"வாயைக் கழுவிட்டுப் பேசு பொண்ணே," என்றாள் ரொமால்டா நிதானமாக. "தபாலாபீஸ்ல பேசிக்கறதைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். எங்க வீட்டுல பிணம் கிடந்தப்போ கூட எனக்கு அரசியல் புத்தி போகல, வெக்கமாத்தான் இருக்கு. 'கொமாத்ரே, உன் ஓட்டு எனக்குத்தானே?'ன்னு இவளைக் கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? 'குழம்பு உனக்கு, ஓட்டு என் கொழுந்தனுக்கு'ன்னா! என் அண்ணன் சவப்பெட்டிக்கு முன்னால நின்னு சொன்னா. எனக்குக் கோபம் வந்துச்சு, ஆனா இப்படி ஒருத்தி எனக்கு இல்லையேன்னு பொறாமையும் வந்துச்சு. இன்னிக்கு நான் ஜெயிக்கலாம், தோக்கலாம். ஒரு நல்லவ மேல விழுந்த பொய்யை மிதிச்சுக்கிட்டு ஜெயிக்க மாட்டேன்."

எலோய்சா கைத்தடியோடு ஓரடி முன்னால் வந்தாள். "அப்போ... அப்போ அந்த ஒரு ஓட்டு?"

"நான் சொல்றேன்."

எல்லோரும் திரும்பினார்கள். இசித்ரோ எழுந்து நின்றிருந்தான்.

"இந்த ஃப்ரிட்ஜ் கதவை நானும் ரெண்டு வாரமாப் பாக்கறேன். தம்பி சொல்லுவான், தம்பி சொல்லுவான்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என் பொண்டாட்டி வீட்டை விட்டுக் கிளம்பற வரைக்கும் பேசாம இருந்தேனே... நான் ஒரு மனுஷனா!" அவன் குரல் உயர்ந்து அந்த வீடு கேட்டதே இல்லை. "டேய் அமாதோ! உன் ஸ்டிக்கர் எங்கடா?"

எலோய்சா கதவருகே போய் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தன்னுடையது, இசித்ரோவுடையது, யோலாண்டாவுடையது, டெல்ஃபினாவுடையது. அவ்வளவுதான்.

அமாதோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கடைசியாப் போடலாம்னு நினைச்சேன் அண்ணா... கடைசி சவாரி முடிஞ்சு வந்தா கதவைச் சாத்திட்டாங்க. ஒரு ஓட்டுதானே, என்ன ஆயிடப்போகுதுன்னு விட்டுட்டேன். சமம்னு சொன்னப்போ நாக்கு ஒட்டிக்கிச்சு. அம்மா அண்ணியைத் திட்டத் திட்ட... தெரிஞ்சும் பேசாம இருந்தேன். பாவி நான்!" தவழ்ந்து வந்து டெல்ஃபினாவின் கால்களைக் கட்டிக்கொண்டான். "உங்களுக்குத் தெரியும் இல்ல அண்ணி? சட்டையைத் துவைச்சவங்க நீங்கதானே... ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னுதாண்டா!" என்று வெடித்து அழுதாள் டெல்ஃபினா. "நான் வளர்த்தவன் பொய் சொல்லமாட்டான்னுதாண்டா!"

எலோய்சாவின் கைத்தடி கீழே விழுந்தது. மருமகளின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். "பெத்தது நான்... தாயா இருந்தது நீ. இந்த நாக்கை அறுத்துப் போடணும் மகளே."

"நாக்கை அறுத்துட்டா அப்புறம் என்னை யாரு திட்டுவாங்க?" என்றாள் டெல்ஃபினா கண்ணீருக்கு நடுவே. யோலாண்டா ஓடிப்போய் முன்துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். "அதை ஆணியில மாட்டு யோலாண்டா, கோர்ட்டுக்கு நேரமாச்சு. எல்லாரும் வண்டியில ஏறுங்க. நீயும்தான் கொமாத்ரே!"

நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. சுவரோரமெல்லாம் தொப்பிகள். நீதிபதி சீட்டுக்கட்டைக் கலைத்து மேஜையில் விசிறி வைத்தார்.

அமாதோ எழுந்தான். "ஐயா, எனக்கே ஓட்டுப் போடாத கை இது. இதால சீட்டு எடுக்க எனக்கு யோக்கியதை இல்ல. எனக்காக விட்டுக்கொடுத்தது எங்க அண்ணி. அவங்க எடுக்கட்டும்." அவன் ஓட்டுப் போடாதது கூட்டத்துக்குப் புதுச் செய்தி. சலசலத்தது. அவன் தலையைக் குனியவில்லை.

"ஆட்சேபம் உண்டா?" என்றார் நீதிபதி.

"எனக்கென்ன," என்றாள் ரொமால்டா. "அவ கை சுத்தமான கை."

ரொமால்டா எடுத்தாள். ஜாக்கி! அவள் ஆட்கள் கைதட்டினார்கள். டெல்ஃபினா முன்னால் வந்தாள். மாவு காயாத விரல்கள் ஒரு சீட்டின்மேல் நின்றன, தயங்கின, பக்கத்துச் சீட்டை உருவின.

ராணி!

கூரை பறந்துவிடும் போல ஒரு சத்தம்! ரொமால்டாதான் முதலில் அவளைக் கட்டிக்கொண்டாள். "போடி, ஜெயிச்சுட்டே... ஆனா சாப்பாடு எங்க எல்லாருக்கும் நீதான் போடணும்."

வெளியே படிக்கட்டில் எலோய்சா நின்றுகொண்டு கைத்தடியைத் தூக்கினாள். எழுபத்தொன்பது வயசுத் தொண்டை சதுக்கத்தின் அந்தப் பக்கம் வரை கேட்டது. "எல்லாரும் கேட்டுக்கோங்க! இந்த வீட்டுல இனிமே விட்டுக்கொடுக்கற வேலை மத்தவங்களுக்கு. அடுத்த தேர்தல்ல தலைநகர் சாண்டா ஃபே சட்டசபைக்கு என் மருமக நிக்கறா! கிளார்க்காம் கிளார்க்... மாநிலத்தையே ஆளவேண்டியவளை அடுப்படியில வெச்சிருந்த முட்டாள் நான்!"

தொப்பிகள் பறந்தன. டெல்ஃபினா இசித்ரோவைப் பார்த்தாள். "நில்லு," என்றான் அந்தப் பேசாத மனுஷன், எல்லோருக்கும் கேட்கும்படி. "பசை நான் காய்ச்சறேன்."

அமாதோ ஓடிவந்து அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அண்ணி, நான் உங்களுக்காக மலை மலையாச் சுத்துவேன். ஒரு ஆளை விடமாட்டேன், எல்லாரையும் லாரியில ஏத்திட்டு வந்துடுவேன்!"

"ஏத்திட்டு வாடா, வேண்டாங்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் டையை நேராக்கி விட்டாள் டெல்ஃபினா. "ஆனா கண்ணு... முதல்ல உன் ஓட்டைப் போட்டுட்டு வா!"