உள்ளூர்க்காரி சொல்லும் லண்டன்

கோசிகா இணையத்தில் எழுதிய பயணக் குறிப்புக்குக் கீழே யாரோ ஐந்து நட்சத்திரம் போட்டு, "மேல்மாடி அம்மாவின் இஞ்சித் தேநீர் அருமை" என்று எழுதியிருந்தார்கள். மேல்மாடி அவளுடைய வீடு. அதைப் பற்றி அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை.

லண்டன் பார்க்க வருகிறவர்களுக்கு அவள் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: ஆற்றங்கரை ராட்டினத்துக்குக் கால் கடுக்க வரிசையில் நிற்காதீர்கள், எங்கள் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து தோசை தின்னுங்கள், கொஞ்ச நாளாவது எங்களைப்போல வாழ்ந்து பாருங்கள். அவளுடைய கட்டடத்தில் மற்ற வீடுகளெல்லாம் ஏற்கெனவே பயணிகளுக்கு நாள்வாடகைக்குப் போய்விட்டன. மிஞ்சியது அவளும் அம்மாவும். வீட்டைவிட்டு எழும்பச் சொன்ன கட்டடச் சொந்தக்காரனிடம், குடும்பத்திலேயே முதல் பட்டதாரியான அவள் சட்டம் பேசினாள். எழும்பவில்லை.

இந்த ஐந்து நட்சத்திரமும் அந்தச் சொந்தக்காரன் வேலைதான் என்று நினைத்தாள். எரிச்சலோடு பஸ்ஸிலிருந்து அம்மாவை அழைத்தாள்.

"வீட்டுக்கு ஆரும் வந்தவையோ?"

"ஓம் பிள்ளை. குளிருக்குள்ள நிண்டவை, பாவம். வாங்கோ எண்டன்."

"தெரியாத ஆக்களை ஏனம்மா உள்ள விட்டனீங்கள்?"

"வாசலுக்கு வந்த சனத்தை வா எண்டு சொல்லாம விடுறதே? நல்லாத்தான் படிச்சனி!"

"இப்ப போயிட்டினமோ?"

அம்மாவின் குரலுக்குப் பின்னால் பயணப்பெட்டிகளின் சில்லுகள் உருளும் சத்தம் கேட்டது. ஒரு பெட்டியல்ல, பல.

"இல்லைப் பிள்ளை. இன்னும் வருகினம்."

டிசம்பர் மாதம், நாலு மணிக்கே இருட்டியிருந்தது. படிக்கட்டில் நனைந்த கம்பளி நாற்றமும், அதற்கடியில் அவள் காலையில் தலைக்கு வைத்த எண்ணெயின் வாசமும், யாரோ அவளுக்கு முன்னால் அவளாகவே ஏறிப் போனதுபோல, ஒவ்வொரு படியிலும் தங்கி நின்றன. கதவு பூட்டியிருக்கவில்லை.

கூடம் நிறைய ஆட்கள். தோளோடு தோள். ஈரக் கோட்டு. பெட்டி. எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. சுற்றுலா வந்தவர்கள் கோபுரத்தைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்கள்.

"இது எங்கட வீடு. வெளிக்கிடுங்கோ!"

ஒருவரும் அசையவில்லை. குசினியிலிருந்து தேநீர்த் தட்டோடு அம்மா வந்தாள்.

"இருங்கோ தங்கச்சி. லண்டனுக்கு முதல் தரமோ?"

"அம்மா, நான் கோசி!"

அம்மா சிரித்தாள். அந்நியருக்கென்று வைத்திருக்கும் சிரிப்பு.

கோசிகா ஓடவில்லை. கதவைச் சாத்தினாள். சங்கிலியைப் போட்டாள். முதுகைக் கதவில் ஊன்றினாள்.

"நான் ஒரு இடமும் போகமாட்டன். ஆர் போறது எண்டு பாப்பம்."

அவளுடைய அறைக்கதவு திறந்தது.

அவளுடைய வீட்டுச் சட்டை. அவளுடைய எண்ணெய்த்தலை. அவளுடைய முகம்.

"கோசி, எழும்பிட்டியே?" என்றாள் அம்மா, கனிவோடு, அந்தப் பக்கம் திரும்பி.

அது தலையாட்டியது. ஆட்டியபோது நழுவிய கன்னத்தை, இரண்டு விரலால் அழுத்தி எலும்போடு ஒட்டவைத்தது.