கடைசி அறையில் வைத்த மூச்சு

“பேய்க்கு எப்படிக் குரல் வேணும், சொல்லு நிக்கி.”

“குரலே வேணாம். மூச்சு போதும். இருட்டுல யாரோ மூச்சு விடுறாங்கன்னு தெரிஞ்சாலே பாதி உசிரு போயிடும்.”

“அப்ப என் குறட்டையை வெச்சிடலாம். ஃப்ரீ.”

“அதைக் கேட்டா எவனும் பயப்பட மாட்டான் டிரேவ். எழுந்து வந்து உன்னை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிட்டுப் போவான்.”

அன்றைக்கு அல்சூர் ஏரிக்கரையில் அவர்கள் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த பெண்ணும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தாள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இன்று மாடிப்படி ஏறும்போது நிக்கோலுக்கு அது வேறு யாரோ வாழ்ந்த வாழ்க்கை போல இருந்தது.

மணி மூன்று. மாமியார் பவுலினின் முப்பதாம் நாள் பூசை மாலை ஆறு மணிக்கு. மாதா கோயில் ஆபீசில் பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கல்லறைக்கு வைக்கப் பூவும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அழைப்பு மணியை அழுத்துமுன்பே ருக்கு கதவைத் திறந்தாள். எட்டு மாதம் பவுலினைப் பார்த்துக்கொண்டவள். விருந்தாளிகள் வருவார்கள் என்று இன்று ஒத்தாசைக்கு வந்திருந்தாள்.

“வந்தியா அக்கா. அண்ணா இன்னும் அதே எடத்துலதான். சோறு வெச்சேன், ஈ மொய்க்குது. குளிச்சு ரெடி ஆவுங்கன்னா, ‘இன்னும் ஒரே ஒரு தடவை ருக்கு’ங்கிறாரு. காலைலேர்ந்து எத்தனை ஒரே ஒரு தடவை!”

நிக்கோல் பூவை மேசைமேல் வைத்துவிட்டு, மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்தாள்.

அவள் கணவன் டிரேவருக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. நிக்கோல் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் ஒலி எடிட்டர். சனி ஞாயிறுகளில் இருவரும் சேர்ந்து சின்னச் சின்ன திகில் வீடியோ கேம்கள் செய்தார்கள். உட்கார்ந்தால் நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிடும். நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. விட்டுப் போனால் மறுபடி முதல் கதவிலிருந்துதான். இரண்டு வெளிவந்திருந்தன. மூன்றாவதில் ஓர் இருட்டு வீடு, அதற்குள் ஒரு மூச்சுச் சத்தம். அதைக் காதால் தேடிக்கொண்டு அறை அறையாகப் போக வேண்டும். கடைசி அறைக் கதவு திறந்ததும் திரை கறுத்துவிடும், மூச்சு நின்றுவிடும். அவ்வளவுதான்.

அந்த மூச்சு பவுலினுடையது.

அது இந்த வீட்டில் தனக்கு மட்டுமே தெரியும் என்று நிக்கோல் நினைத்திருந்தாள்.

கதவைத் திறந்தாள். பவுலினின் அறை அது. அடக்கம் முடிந்த ஏழாம் நாள் டிரேவர் தன் கம்ப்யூட்டரை இங்கே தூக்கி வந்துவிட்டான். ஜன்னல்களில் கம்பளி தொங்கியது. பகல் மூன்று மணி அந்த அறைக்குள் வரவே இல்லை. திரையின் சாம்பல் வெளிச்சத்தில் காலிக் கட்டில் தெரிந்தது. ஓடிகோலோன் வாசனை அடித்தது. பவுலினின் நெற்றியில் தினமும் ஒற்றுகிற வாசனை. அந்த பாட்டிலை நிக்கோல் தன் கையாலேயே சவப்பெட்டிக்குள் வைத்திருந்தாள்.

டிரேவர் திரும்பவில்லை. காதில் ஹெட்போன். இடது கையால் மவுஸைப் பிடித்திருந்தான். வலது கை மடியில் சுருண்டு கிடந்தது.

அவன் வலதுகைக்காரன்.

அவள் அவன் முன்னால் மண்டியிட்டாள். ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள்.

“டிரேவ், போதும்டா. இன்னைக்கு மம்மிக்குப் பூசை. எழுந்திரு. இந்த கேமையே தூக்கிப் போட்டுடலாம். இதுல நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். இதுல இருக்கிற மூச்சு...”

“மம்மியோடது. தெரியும்.”



“எப்பலேர்ந்து?”

“முதல் தடவை கேட்டப்பவே. எங்கம்மா மூச்சு எனக்குத் தெரியாதா நிக்கி? அது பக்கத்துலதானே பத்து வயசு வரைக்கும் தூங்கினேன்.”

“அப்ப என்னைத் திட்டு. ரெண்டு அடி வேணும்னாலும் அடி. இப்படி உக்காந்திருக்காதே.”

“எதுக்குத் திட்டணும்? நீ எடுத்ததாலதானே எனக்கு இது மிச்சம்.” அவன் சிரித்தான். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறியது. “ஆனா கடைசி ரூம்ல மம்மி ஏதோ சொல்ல வர்றாங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட வருது. மொதல்ல உதடு பிரியற சத்தம் மட்டும்தான். இன்னைக்கு ‘மு’ வரைக்கும் வந்துட்டாங்க.”

நிக்கோல் சட்டென்று திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏனென்றால் அந்தப் பதிவில் வார்த்தையே கிடையாது. அது அவளைவிட யாருக்குத் தெரியும்?

முப்பது நாளுக்கு முன், இதே போல ஒரு மத்தியானம். ருக்கு மருந்து வாங்க சிவாஜிநகர் போயிருந்தாள். டிரேவர் ஆபீசில். பவுலின் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த மூச்சுக்கு ஒரு விசித்திரமான நடை. நீளமாக உள்ளே போகும், இழுப்பறை சிக்கிக்கொள்வது போல ஒரு தடக்கு, பிறகு இரண்டு குட்டி மூச்சாக வெளியே வரும். நிக்கோல் எத்தனையோ நடிகர்களை மூச்சுவிடச் சொல்லிப் பதிவு செய்து பார்த்திருந்தாள். இது யாருக்கும் வரவில்லை. மைக்கை எடுத்துவந்து தலையணை ஓரம் வைத்தாள். கொஞ்ச நேரம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பவுலின் கண்ணைத் திறந்தார். மருமகளைப் பார்த்தார். உதடுகள் பிரிந்தன. ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவர அவருக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். அதற்காக முகமே கோணிக்கொள்ளும்.

பத்து வருஷப் பழக்கம். ரெக்கார்டிங் போய்க்கொண்டிருக்கும்போது எவர் வாயைத் திறந்தாலும் கை தானாக எழும். நிக்கோல் உதட்டில் விரலை வைத்தாள்.

“ஷ்ஷ்... மம்மி, பேசாதீங்க. ஒரு நிமிஷம்.”

முப்பது வருஷம் வகுப்பறையில் பிள்ளைகளைப் பேசாதே என்று சொன்ன டீச்சர், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டார்.

பதிவு முடிந்தது. நிக்கோல் முன் அறைக்குப் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த மூச்சைச் சுத்தப்படுத்தி, கேமின் கடைசி அறையில் வைத்தாள். முக்கால் மணி நேரம். காதுக்குள் பவுலின் அழகாக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். ஹெட்போனைக் கழற்றியபோதுதான் வீட்டில் அந்தச் சத்தம் இல்லை என்று தெரிந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது எழுந்தாள். டிரேவர் பார்க்கும்போதே கேமை மூடினாள். அந்த ஒலிக் கோப்பைத் தேடி அழித்தாள். தன் லேப்டாப்பில் இருந்த பிரதியையும் போய் அழித்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது அவன் மறுபடி கேமின் முதல் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டிருந்தான்.

“டிரேவ், அதுல இப்ப ஒண்ணும் இல்ல.”

“இருக்கு. இடது பக்கம் கேக்குது.”

ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள்.

ஒன்றுமில்லை. பாழ்ங்கிணறு போல நிசப்தம்.

ஆனால் அதைக் கழற்றியதும் அறையில் மூச்சு கேட்டது.

நீளமாக உள்ளே. ஒரு தடக்கு. இரண்டு குட்டி மூச்சு வெளியே.

தண்ணீர் கொண்டுவந்த ருக்கு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அய்யோ தேவ்ரே... அக்கா, இது டீச்சரம்மா மூச்சு. எட்டு மாசம் ராத்திரி பகலா கேட்டவ நானு. அண்ணா வாயிலேர்ந்து வருதே. வாயைப் பாரு, ஒரு பக்கம் எறங்கிடுச்சு. டீச்சரம்மாவுக்கும் மொதல்ல இப்படித்தான்...”

“ருக்கு, தெருமுனை டாக்டரைக் கூட்டிட்டு வா. ஓடு. ஒரு ஆட்டோவும் நிறுத்தி வை.”

“நீ வா அக்கா. இந்த ரூம்ல நிக்காத.”

“இவனை விட்டுட்டு எங்க வர்றது? ஓடுன்னா ஓடு!”

ருக்கு ஓடினாள். முன்கதவு அவளுக்குப் பின்னால் அறைந்து தானாகப் பூட்டிக்கொண்டது. தானியங்கிப் பூட்டு, இனி உள்ளேயிருந்து யாராவது போய்த் திறந்தால்தான் உண்டு.

நிக்கோல் டிரேவரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தாள். மெலிந்த உடம்பு, அசையவில்லை. நாற்காலியோடு இழுத்தாள். அதுவும் அசையவில்லை. கன்னத்தில் தட்டினாள். கெஞ்சினாள். “நம்ம வீட்டுக்கு வந்துடு டிரேவ்” என்றாள், வீட்டிலேயே நின்றுகொண்டு. அவன் கண் திரையை விட்டு நகரவில்லை. கடைவாயிலிருந்து எச்சில் வழிந்தது. அதைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள்.

கடைசியில் வேறு வழி தெரியாமல், கட்டில் ஓரத்தில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரையில் தாழ்வாரம் நீண்டது. சமையலறை. குளியலறை. அவன் இடது கை மெல்ல மெல்ல மவுஸை ஒரு கதவை நோக்கி நகர்த்தியது. அவள் வரைந்த கதவு அல்ல அது, அவன் வரைந்ததும் அல்ல. இந்த அறையின் கதவு, பிடியில் ஜெபமாலை தொங்குகிற கதவு.

கதவு திறந்தது.

திரை கறுத்தது.

மூச்சு நின்றது.

டிரேவரின் நெஞ்சு ஏறி இறங்குவதும் நின்றது.

நிக்கோல் அவன் மார்பில் காதை வைத்தாள். பயந்த பறவை போல உள்ளே ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் காற்று வரவில்லை, போகவில்லை. அவன் கண்கள் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பின. அந்தப் பார்வையை அவள் அறிவாள். மைக்குக்கு மேலே, தலையணையிலிருந்து அவளைப் பார்த்த பார்வை.

உதடுகள் பிரிந்தன. முகம் கோணிக்கொண்டது.

“சொல்லுங்க மம்மி.” அவள் அவன் முகத்தை இரு கைகளாலும் ஏந்தினாள். “இந்தத் தடவை தடுக்க மாட்டேன். என்ன வேணும்னாலும் கேளுங்க. இவனை மட்டும் குடுத்துடுங்க. கெஞ்சிக் கேக்கிறேன், இவனை மட்டும்...”

“மு...”

வெளியே படிக்கட்டில் தடதடவென்று காலடிகள். முன்கதவு அதிர்ந்தது.

“அக்கா! டாக்டர் வந்துட்டாரு! கதவைத் தெற அக்கா!”

நிக்கோல் துள்ளி எழுந்தாள். பத்தடி தூரம்தான். பத்தே அடி.

மடியில் சுருண்டு கிடந்த வலது கை அவள் மணிக்கட்டைப் பற்றியது.

வறண்ட, எலும்பெடுத்த பிடி. சாக்பீஸ் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த விரல்களின் பிடி.

“அக்கா! உள்ள இன்னா பண்றே? தெற!”

“வந்துட்டேன் ருக்கு! மம்மி, விடுங்க, டாக்டர் வந்திருக்கார், விடுங்க...”

கை விடவில்லை. இறுக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தது, சாலை கடக்கும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது போல. கறுத்த திரையில் முதல் கதவு தானாகத் தோன்றியது. ஓடிகோலோன் வாசனை அவள் முகத்தோடு முகமாக நெருங்கியது. டிரேவரின் வாய் அசைந்தது. குரல் அவனுடையது அல்ல. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அந்தத் தடக்கு. முப்பது நாள் வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்ததை ஒவ்வொன்றாக, சிரமப்பட்டு, மிகுந்த மரியாதையோடு வெளியே எடுத்து வைத்தது.

“முடியிற... வரைக்கும்... எழுந்து போகாதம்மா... தனியா... பயமா இருக்கு.”