கல்லோடைக்குத் திரும்பியவை

பூவிழி குனிந்து, கல்லோடை ஆற்று நீரை இரு கையாலும் அள்ளிக் குடித்தாள். நாற்பது ஆண்டுகள் தோல் ஆலைக் கழிவு ஓடிய ஆறு அது. இப்போது அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்தது.

சற்றுத் தள்ளி, மணல் சலிக்கும் எந்திரத்தை மறித்து ஊரே தரையில் படுத்துக் கிடந்தது.

"எந்திரிங்கம்மா. மணலைச் சலிச்சுட்டு அங்கேயே கொட்டிடுவோம்," என்றார் அருள்தாஸ். ஆற்றைச் சுத்தம் செய்த உயிரியலாளர் அவர்தான்.

மணல் காப்புக் குழுத் தலைவி சந்தனமாரி படுத்தபடியே சிரித்தாள். பூவிழி அவளுடைய மகள். "போன தடவை வந்தவனும் தூர் வாரப் போறோம்னுதான் சொன்னான், சார். பனை ஆழத்துக்கு மணலை அள்ளிட்டுப் போனான்."

அவள் படுத்திருந்த அதே ஆற்று வளைவில்தான் அன்று அவள் தம்பி மணல் லாரியை மறித்தான். லாரி நிற்கவில்லை.

அருள்தாஸ் ஈர மணலைக் கிளறிக் காட்டினார். விரல் நீளக் குஞ்சு ஒன்று நெளிந்தது. லாம்ப்ரே, தாடையில்லாத மீன். குளிர்நாட்டு ஆறுகளில் குஞ்சாகப் பல ஆண்டுகள் மணலில் புதைந்து, நீரை வடிகட்டித் தின்று வாழும். அவர் அதன் மரபணுவைத் திருத்தி, வெயிலைத் தாங்கவும், குரோமிய நஞ்சை ஈரலில் சேர்த்துவைக்கவும் செய்திருந்தார். ஏழே ஆண்டுகளில் ஆற்றின் நஞ்செல்லாம் கோடிக்கணக்கான ஈரல்களுக்குள் போய்விட்டது.

"இதுங்களுக்குக் கண்ணு திறக்க ஆரம்பிச்சிருச்சு. அடுத்து பல்லு முளைக்கும். வெள்ளம் வந்தா கடலுக்குப் போயிரும். அதுக்குள்ள பிடிச்சாகணும்."

"போகட்டுமே. விஷமும் சேர்ந்து ஒழியுது."

"திரும்பி வரும்மா. கடல்ல பெரிய மீனுங்க மேல ஒட்டி, ரத்தம் குடிச்சு வளரும். அப்புறம் எந்த ஆத்துல குஞ்சு வாசனை வருதோ அங்க ஏறி வந்து, முட்டை போட்டுட்டுச் செத்துரும். பிந்தி வளர்ற குஞ்சுங்க இந்த மணல்ல இருக்கத்தான் செய்யும். கடல் சத்தை ஆத்துக்குக் கொண்டாந்து கொடுக்கிறது அதோட இயல்பு. இது விஷத்தையும் கொண்டாரும்."

சந்தனமாரி எழுந்து உட்கார்ந்தாள். "இதை ஆத்துல விட்டப்பவே சொன்னீங்களா?"

"சொன்னா விட மாட்டீங்கன்னு..."

"பாத்தீங்களா? அந்த மணல்காரனும் இப்படித்தான், எதையும் சொல்லாமதான் செஞ்சான்."

அவள் மறுபடி படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் எந்திரம் திரும்பிப் போனது. ஊர் பட்டாசு வெடித்தது. அந்த ஆண்டு வெள்ளத்தில் குஞ்சுகள் கடலுக்குப் போயின.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஐப்பசி வெள்ளத்தில் அவை திரும்பி வந்தன. மணிக்கட்டுப் பருமனில், வட்ட வாயால் பாறைகளைக் கவ்விக் கவ்வி அணைக்கட்டு ஏறின. கூழாங்கற்களை வாயால் நகர்த்திக் கூடு கட்டின. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஐந்தாம் நாள் எல்லாம் செத்து ஒதுங்கின. அழுகிய ஈரல்களிலிருந்து நாற்பது ஆண்டு நஞ்சு ஒரே வாரத்தில் இறங்கியது. முதலில் கெண்டைகள் செத்தன, பிறகு கறவை மாடுகள். எச்சரிக்கை வருவதற்குள் ஆற்றில் குடித்த பதினோரு பேருக்குச் சிறுநீரகம் நின்றுபோனது. அவர்களில் பூவிழியும் ஒருத்தி.

"நஞ்சு மணலுக்குள்ள இறங்கிருச்சு," என்றார் அருள்தாஸ், மருத்துவமனை வராந்தாவில். "இனி சலிக்க ஒண்ணுமில்ல. பதினஞ்சு அடிக்கு மணலையே அள்ளணும். உங்க குழு ஒப்புதல் கொடுக்கணும்."

சந்தனமாரி கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை வளைவில் முதல் லாரி வந்து நின்றது. பின்னால் வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டிருந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான்.

"அக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க. லாரி இறங்கணும்."

தம்பி விழுந்த இடத்திலிருந்து சந்தனமாரி ஒதுங்கி நின்றாள்.