நான்கு வினாடிப் பிழை

வெள்ளிக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு உலகம்மை நாடிப்பட்டையை இடது மணிக்கட்டில் இறுக்கினாள். பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது. டவுன் அணி, இருக்கை 91, இதயம் சீர்.

இனி வண்டியை எடுக்கலாம்.

அவள் ஓட்டுவது பாலத் தொடர்வண்டி. திருநெல்வேலி ஜங்ஷனில் கிளம்பி, தாமிரபரணியைத் தாண்டி, பாளையங்கோட்டை மார்க்கெட் வரை போய்த் திரும்பும். நாளொன்றுக்கு இருபத்திரண்டு நடை. இருபத்தாறு வருடமாக ஆற்றைத் தாண்டுகிறாள். ஒருநாள்கூட பாளை மண்ணில் கால் வைத்ததில்லை. மார்க்கெட் நிறுத்தத்தில் டீக்கடை அருளப்பன் ஜன்னல் வழியாகத்தான் டம்ளரை நீட்டுவார். அவர் மணிக்கட்டில் சிவப்பு விளக்கு. பாளை அணி.

"ஒரு நாளாவது இறங்கிக் குடியுங்களேன் மதினி. எங்க மண்ணு சுட்டுறவா போவுது?"

"மண்ணு சுடாது. ஒங்க ஆளுக மூஞ்சியப் பாத்தாத்தான் எரியும். சீனி கம்மியாப் போடும் வே."

"போன மாசம் நாங்க ஜெயிச்ச அன்னைக்கு ரெண்டு கரண்டி போட்டுத் தந்தேனே, குடிச்சியளா?"

"ஆத்துல ஊத்திட்டேன்."

அருளப்பன் சிரித்தார். உலகம்மையும் சிரித்திருப்பாள். அதற்குள் பட்டை அதிர்ந்தது. செய்தி.

'ஞாயிறு மாலை கடைசி ஆட்டம். இருப்பு நாடி வைத்திருப்பவர்கள் இன்றைக்குள் ஜங்ஷன் பதிவகத்தில் சான்று பெறவும்.'

அவள் டீயை முடிக்காமலே வண்டியை எடுத்தாள்.

முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன்னால், 2058-ல், ஒரு கபடி ஆட்டம் முடிந்து பாலத்தின் மேல் நடந்த கலவரத்தில் பதினோரு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் பற்றுச் சட்டம் வந்தது. யார் எந்த அணி என்பது பதிவாக வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரே அணி. ஆட்டத்தில் ரசிகர்களின் நாடியும் சேரும். ஒரு பக்கத்து இதயங்கள் மொத்தமாக எகிறினால் அந்த அணிக்கு ஒரு நாடிப்புள்ளி. கல்லெறிய வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. உட்கார்ந்து துடித்தால் போதும்.

செத்தவர்களுக்கும் இடம் உண்டு. பல வருட ஆட்டங்களில் ஒருவர் நெஞ்சு எதற்கு எப்படித் துடித்தது என்பதைக் கணினி கற்று வைத்திருக்கும். அதை விரல் நீளக் குப்பி ஒன்றில் அடைத்துத் தருவார்கள். இருக்கையின் கைப்பிடியில் செருகினால், ஆட்டம் போகிற போக்குக்கு அந்தக் கைப்பிடி துடிக்கும். அதுதான் இருப்பு நாடி. பக்கத்தில் உறவுக்காரர் ஒருவர் உட்கார வேண்டும். அவ்வளவே நிபந்தனை.

உலகம்மையின் பக்கத்து இருக்கை 92. அவள் கணவன் திரவியத்துடையது. அவர் போய் இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடமும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்தக் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்தபடிதான் உட்கார்ந்திருக்கிறாள்.

திரவியம் பாளையில் பிறந்தவர். பெண் கேட்டு வந்தபோது உலகம்மையின் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: பாளைக்காரனுக்குக் கிடையாது. மறுவாரமே திரவியம் பதிவகத்தில் கையெழுத்துப் போட்டு, சிவப்புப் பட்டையைக் கழற்றிப் பச்சையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "கபடிதானே? எந்தப் பக்கம் உக்காந்தா என்ன?" என்றார்.

இருபத்தொன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தொண்டை கிழியக் கத்துவாள். அவர் வாயே திறக்க மாட்டார். டவுன் தோற்ற நாளில் அவள் அடுப்பு பற்றவைக்க மாட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். அவர் தேங்காய் துருவி, பால் பிழிந்து, சொதி வைப்பார். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி.

"கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துக்கு வைக்கிறத எழவு வீட்டுல வைக்கியளே, ஒங்களுக்குக் கூறு இருக்கா?" என்று திட்டிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிடுவாள்.

இப்போது எல்லாம் முடியப்போகிறது. இரட்டை நகரம் ஒரே பெருநகரமாம். பெருநகரத்துக்கு ஒரே அணியாம். திங்கள்கிழமை முதல் டவுனும் இல்லை, பாளையும் இல்லை. பழைய குப்பிகள் ஞாயிறு மாலை ஆட்டம் முடிந்ததும் அணைந்துவிடும். திரவியத்தின் நெஞ்சை அவள் தொட்டுப் பார்க்க மிச்சமிருப்பது அந்த ஒரே ஆட்டம்.

பதிவகத்தில் எஸ்தர் என்ற பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். குப்பியை வாங்கி ஒரு புதிய இயந்திரத்தில் வைத்தாள்.

"இது என்னதுட்டி? போன தடவ இல்லையே?"

"உணர்வுப் பிரிப்பான்மா. பழைய பட்டைக்குத் துடிப்பு கூடுதா குறையுதான்னு மட்டுந்தான் தெரியும். பயத்துல கூடுதா, சந்தோஷத்துல கூடுதான்னு தெரியாது. இது பிரிச்சுச் சொல்லிரும்."

"அவருக்கு எப்பவும் பயந்தான். பாளைக்காரன் கபடி பாடி வந்தாப் போதும், கைப்பிடி கெடந்து துடிக்கும்."

எஸ்தர் திரையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள்.

"யம்மா... கோவப்படாதீங்க. இது பயம் இல்ல."

"பெறவு?"

"சந்தோஷம். பாளை புள்ளி எடுக்கும்போதெல்லாம் ஏறுது. டவுன் எடுத்தா இறங்குது. நானூத்திப் பன்னெண்டு ஆட்டம். ஒண்ணுகூட மாறல."

உலகம்மைக்கு எங்கிருந்தோ தேங்காய்ப்பால் வாசம் வந்தது. டவுன் தோற்ற நாள். சொதி. விருந்து.

"என் எழவுல அவரு விருந்து தின்னுருக்காரு," என்றாள் மெதுவாக.

எஸ்தர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். "விதிப்படி இவர் டவுன் பக்கம் உக்கார முடியாதும்மா. பாளைப் பக்கம் உக்காரலாம். நீங்க கூட உக்காரணும்னா உங்களுக்கு ஒருநாள் சிவப்பு அனுமதி தருவேன். வேண்டாம்னா குப்பிய இங்கயே வச்சிட்டுப் போயிரலாம்."

"வைக்க மாட்டேன். நேருக்கு நேர் பாத்துக்கிடுதேன்."

"அப்ப இன்னும் ஒண்ணு இருக்கு. இதுல ஒரு பிழை காட்டுது. எறங்கின துடிப்பு நாலு வினாடி கழிச்சுத் தானா ஏறுது. ஏறினது நாலு வினாடியில எறங்குது. ஒவ்வொரு தடவையும். ஆட்டத்துல அந்த நேரம் ஒண்ணுமே நடக்கல. காரணம் தெரியலன்னு எழுதியிருக்கு. பிழை இருந்தா சான்று கிடைக்காது. அந்த நாலு வினாடிய மட்டும் கழுவணும். கழுவினா திரும்ப எடுக்க முடியாது. சம்மதமா?"

உலகம்மை திரையைப் பார்க்கவில்லை. அவள் கண் முன்னால் இருபத்தொன்பது வருடத்துச் சொதிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் கழுவித் தொல," என்றாள். கட்டைவிரலை அழுத்தினாள்.

ஞாயிறு மாலை மூன்று மணி. ஆற்றின் மேலேயே கட்டிய அரங்கம். மேற்கு வாசல் டவுனுக்கு, கிழக்கு வாசல் பாளைக்கு. உலகம்மை தொடர்வண்டியில் பயணியாக வந்து பாளைக் கரையில் இறங்கினாள். மண் சுடவில்லை. மணிக்கட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மதினி!" அருளப்பன் வாயைப் பிளந்தார். அவர் இருக்கை அவளுக்கு அடுத்தது. "வழி தப்பி வந்துட்டியளா?"

அவள் குப்பியைக் காட்டினாள். "இவரு ஒங்க ஆளாம்."

அருளப்பன் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. குப்பியை வாங்கித் தன் தோள்துண்டால் துடைத்து, மறுபக்கத்துக் கைப்பிடியில் அவரே செருகினார். "வாரும் அண்ணாச்சி," என்றார் காலி இருக்கையிடம். "ரொம்ப வருஷம் கழிச்சு வீட்டுக்கு வந்திருக்கீரு."

விசில்.

கபடி பாடி வந்த பாளைக்காரன் முதல் பாட்டிலேயே ஒருவனைத் தொட்டுத் திரும்பினான். கைப்பிடி குதித்தது. உலகம்மை பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மாடி, எவ்வளவு சந்தோஷம். வாயத் திறக்காம பக்கத்துலயே உக்காந்து, இதத்தான் அனுபவிச்சியளாக்கும்.

அடுத்து டவுன் ஏறி வந்தது. ஒல்லியான ஒரு பையன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டில் விழுந்தான். எதிரே மேற்குப் பக்கம் பச்சைக் கடலாகப் பொங்கியது. உலகம்மையின் தொண்டைவரை ஒரு கத்தல் வந்தது. விழுங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. சுற்றிலும் பாளைக்காரர்கள். உள்ளே நெஞ்சு எகிற, வெளியே கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

இது இத்தனை கஷ்டமா?

ஒரே ஒரு ஆட்டம். அதிலும் ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கிறது. இதை அவர் நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் செய்திருக்கிறார்.

அப்போதுதான் அது நடந்தது. டவுன் புள்ளி எடுத்தால் அவள் எப்போதும் செய்வதை உடம்பு தானாகச் செய்தது. முதலில் மைதானத்தைப் பார்த்துத் துள்ளுவாள், பிறகு பக்கத்து இருக்கைக்குத் திரும்புவாள். திரும்பும்போது அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறைகூட மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை. அவள் சிரிப்பைப் பார்ப்பார், அவரும் சிரிப்பார்.

புள்ளி விழுந்து, அவள் துள்ளி, திரும்புவதற்கு எவ்வளவு நேரமாகும்?

உலகம்மை காலி இருக்கையைப் பார்த்தாள். உள்ளங்கையைக் கைப்பிடியில் அழுத்தினாள். துடிப்பு இறங்கியிருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஒன்றுமில்லை.

டவுன் மறுபடி ஒரு புள்ளி எடுத்தது. கைப்பிடி தளர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தளர்ந்தபடியே கிடந்தது. பாளை எடுத்தது. குதித்தது. நான்கு எண்ணினாள். அடங்கவில்லை, அவள் வாடிய முகம் அதற்குத் தெரியவில்லை. ஐந்து முறை, ஆறு முறை எண்ணிப் பார்த்தாள். பாளைக்காரர் திரவியம் அங்கே முழுசாக இருந்தார். அவளுடைய திரவியம் அதில் நான்கு வினாடிதான் இருந்தார். அதை வெள்ளிக்கிழமை அவளே கட்டைவிரலால் கழுவிவிட்டாள்.

"மதினி, என்ன செய்யுது? தண்ணி குடிக்கியளா?"

வேண்டாமென்று தலையை ஆட்டினாள். கண் மைதானத்தில் இல்லை.

கடைசி முப்பது வினாடி. முப்பத்துநாலுக்கு முப்பத்துநாலு. பாளையின் கடைசிப் பாட்டு. பாடி வந்தவன் யாரையும் தொடாமல் திரும்பினான். இனி நாடிதான். பெரிய பலகையில் இரண்டு பக்கத்து எண்களும் ஏறின. உலகம்மையின் நெஞ்சு விலா எலும்பில் முட்டிக்கொண்டிருந்தது. அழுகையா, ஆத்திரமா, என்னவென்று அந்தப் பழைய பட்டைக்குத் தெரியாது. துடிப்பு கூடுகிறது. அதுதான் தெரியும். மணிக்கட்டில் சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்டியது.

நாடிப்புள்ளி, பாளைக்கு.

டவுன் அணியின் கடைசித் தோல்வியில் எகிறிய இதயங்களில் அவளுடையதும் ஒன்று.

கிழக்குப் பக்கம் வெடித்தது. அருளப்பன் எழுந்து ஆடினார். கைப்பிடி அவள் கைக்குக் கீழே பைத்தியம் பிடித்ததுபோலத் துடித்தது. "பாத்தியளா மதினி, அண்ணாச்சி என்ன துள்ளு துள்ளுதாரு!" என்றார் அருளப்பன். உலகம்மை சிரித்தாள். வாய் மட்டும் சிரித்தது. எப்படிச் செய்வதென்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சந்தோஷமா இருங்க," என்றாள் கைப்பிடியிடம். "இன்னைக்காவது முழுசா இருந்துக்கிடுங்க."

குப்பி அணைந்தது.

வீட்டுக்கு வந்ததும் படுக்கவில்லை. தேங்காய் துருவினாள். முதல் பால், இரண்டாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்தாள். சிறுபருப்பை வேகவைத்தாள், உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் நறுக்கினாள். இஞ்சி எவ்வளவு போடுவார் என்று தெரியவில்லை. ஒருநாளும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. கடைசியில் எலுமிச்சை பிழிந்து இறக்கினாள்.

சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இஞ்சி கூடிப்போயிருந்தது.

"கூறு இருக்கா ஒங்களுக்கு?" என்று நிமிர்ந்தாள்.

எதிரே சுவர்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து என்று எண்ண அவளுக்கு மனம் வரவில்லை.