குண்டூசியையும் விடாத திருடன்

மதியச் சாப்பாடு முடிந்து, ஸ்கிராப் யார்டு சூப்பர்வைசர் தன் அறைப் பூட்டைத் திறந்தபோது உள்ளே பீரோ இல்லை.

ஆள் உயர இரும்பு பீரோ. அது நின்ற மூலையில் சதுரமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. பீரோ போனால் போகட்டும். அதற்குள் ஆர்மோனியம் இருந்தது. கல்யாணத்தில் மாமனார் கொடுத்தது. மறுநாள் உருக்காலையின் ஆண்டு விழாவில் அதை வாசிக்கப்போவதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

செய்தி ஆலை முழுக்கப் பரவியது. துக்கப்பட்டவர்கள் குறைவு. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் சாதகம் செய்வார். உலைச் சத்தத்துக்குப் பழகிய காதுகளே அப்போது பஞ்சு தேடும். அன்று மட்டும் மேனேஜர் கூப்பிட்டதால் அறையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்து இறங்குவதற்குள் மேனேஜர் வாட்ச்மேனைக் குற்றவாளியாகவே நிறுத்தி வைத்திருந்தார்.

“மாற்றுச் சாவி இவன்கிட்டதான் மேடம். வேற யாரு?”

“அடுத்த மாசம் ரிட்டையர் ஆகறேன் மேடம்,” என்றார் வாட்ச்மேன். “திருட்டுப் பட்டத்தோட வீட்டுக்குப் போகச் சொல்றாங்க.”

இன்ஸ்பெக்டர் கதவைக் கையால் அளந்தார். மூலையிலிருந்த தடத்தையும் அளந்தார்.

“எப்படித் திருப்பினாலும் கதவைவிட பீரோ ஒரு சாண் அகலம். எப்படி உள்ள வந்துச்சு?”

“பீரோவை வெச்ச பிறகுதான் கதவே போட்டாங்க,” என்றார் சூப்பர்வைசர்.

“அப்போ இவர் எப்படி வெளிய கொண்டு போனார்?”

மேனேஜர் சற்று யோசித்தார். “அதையும் இவன்கிட்டயே கேளுங்க மேடம்.”

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்தார். ஒழுகுகிறதென்று கூரைத் தகடுகளைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன் இடுக்கு வழியே, மேலே கிரேன் ஓடும் தண்டவாளம் தெரிந்தது.

கிரேன் டிரைவரை வரவழைத்தார். அவர் சூப்பர்வைசரின் மனைவிக்குத் தம்பி. ஒரே யார்டில் வேலை, ஆனால் மாமனுக்கும் மச்சானுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

“மேல் வழியா பீரோவைத் தூக்க முடியுமா?”

“முடியும் மேடம். ஆனா கொக்கியில கயிறு மாட்டிவிட உள்ள ஒரு ஆள் வேணும். ரூம்தான் பூட்டியிருந்துச்சே.”

“இரும்பு அள்ளக் காந்தம் இருக்காமே?”

“கேபிள் கோளாறு மேடம். காலையிலேயே கழட்டிக் கீழ வெச்சுட்டேன். அந்தா கிடக்கு.”

ஆட்டுக்கல்லை ஐம்பது மடங்கு பெருக்கியது போல ஒரு வட்ட இரும்பு தரையில் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் அறைக்குத் திரும்பினார். பீரோ நின்ற இடத்தை ஒட்டி மர மேஜை. அதன் மேல் பித்தளைப் பேனாத் தாங்கி, ஒரு வெள்ளி மோதிரம், திறந்து கிடந்த சின்ன பிளாஸ்டிக் டப்பா.

“மோதிரம் யாரோடது?”

“என்னோடது மேடம். எழுதும்போது உறுத்தும், கழட்டி வெச்சுடுவேன்.”

“டப்பாவுல என்ன இருந்துச்சு?”

“குண்டூசி. காலையிலதான் நிறைய கொட்டி வெச்சேன்.”

டப்பாவில் ஒன்றுகூட இல்லை.

மேனேஜர் சிரித்தார். “குண்டூசிக்கும் சேர்த்தா கேஸ் எழுதப் போறீங்க?”

“ஆமா. கிரேன்காரரே, அந்தக் காந்தத்தைக் கொக்கியில மாட்டித் தூக்குங்க. கரண்ட் வேண்டாம்.”

கிரேன் டிரைவர் தயங்கினார். பிறகு ஏறிப் போய்த் தூக்கினார். காந்தம் தலைக்கு மேல் எழும்பியது. அதன் அடிப்பக்கம், ஒரு வாரம் சவரம் செய்யாத தாடைபோல, குண்டூசிகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன.

அவர் இறங்கி வந்ததும் இன்ஸ்பெக்டர் சொன்னார்: “வெள்ளி மோதிரத்தை விட்டுட்டுக் குண்டூசியை எடுத்துட்டுப் போற திருடனுக்குக் கண்ணு கிடையாது. இரும்பைத் தவிர எதுவும் தெரியாது. சாப்பாட்டு நேரத்துல தார்ப்பாயை அவிழ்த்துக் காந்தத்தை உள்ள இறக்கினீங்க. பீரோ ஒட்டிக்கிச்சு, மேஜையில இருந்த குண்டூசியும் கூடவே தாவிடுச்சு. கரண்டை நிறுத்தினதும் பீரோ விழுந்துடும். ஆனா காந்தத்துல கொஞ்சம் இழுப்பு மிச்சமிருக்கும். குண்டூசியைப் பிடிச்சு வைக்க அது போதும். வேலை முடிஞ்சதும் காந்தத்தைக் கழட்டிட்டு, காலையிலேயே கழட்டினதா சொல்லிட்டீங்க. பீரோ எங்கே?”

கிரேன் டிரைவரின் கண் வேறெங்கோ இருந்தது. “யார்டு மூலையில பாதி ரொம்பின ஸ்கிராப் பக்கெட் ஒண்ணு நின்னுச்சே?”

“அதுவா? இப்பதான் உலைக்கு அனுப்பச் சொன்னேன்,” என்றார் மேனேஜர்.

கிரேன் டிரைவர் ஓடினார். விஷயம் புரிந்து சூப்பர்வைசரும் ஓடினார். இரண்டு பேரும் கத்திய கத்தலில், பழைய இரும்பு கிடந்த அந்த ராட்சதத் தொட்டியை ஏற்றிச் சென்ற தள்ளுவண்டி உலைக்கு முன்னால் நின்றது. பீரோவின் தலை நசுங்கியிருந்தது. ஆர்மோனியத்துக்குக் கீறல்கூட இல்லை.

“எங்க அப்பா பெட்டி மேடம்,” என்றார் கிரேன் டிரைவர், மூச்சு வாங்க. “மகன் நான் இருக்க, மருமகனுக்குக் குடுத்துட்டார். போகட்டும்னுதான் இருந்தேன். ஆனா மாமா அதைப் படுத்தற பாட்டை மேல உக்காந்து தினம் கேக்க முடியல. நாளைக்கு மைக் வேற.”

“ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா,” என்றார் சூப்பர்வைசர்.

“நாமதான் பேசறதே இல்லையே மாமா.”

சூப்பர்வைசர் ஆர்மோனியத்தைத் துடைத்து மச்சான் கையில் கொடுத்தார். “கேஸ் வேண்டாம் மேடம். நாளைக்கு இவனே வாசிக்கட்டும்.”

“முதல்ல வாட்ச்மேன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க,” என்று இன்ஸ்பெக்டர் மேனேஜரிடம் சொன்னார். அவர் கேட்டார். வாட்ச்மேன் இன்னொரு முறை சத்தமாகக் கேட்க வைத்தார்.

கிரேன் டிரைவர் அங்கேயே உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்தவர்கள் வேலை நினைவுக்கு வந்ததுபோல் நழுவினார்கள்.

வாசித்து முடித்ததும் அவர் கேட்டார், “எப்படி மாமா?”

சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்படியே உங்க அப்பா வாசிக்கிற மாதிரியே இருக்குடா. நாளைக்கு ரெண்டு பேருமா சேர்ந்து வாசிப்போம்.”

மேனேஜர் ஜீப் வரைக்கும் ஓடிவந்தார்.

“மேடம், கேஸ் போட்டா அந்தப் பெட்டியை ஸ்டேஷன்லதானே வெச்சிருப்பீங்க?”